வாட்ஜ் பேங்க் - கச்சத்தீவின் மறுபக்கம்

கச்சத்தீவு என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் இல்லை. தேர்தல் வந்தால் கச்சத்தீவும் கூடவே வந்துவிடும்! ஆனால் வாட்ஜ் பேங்க் என்ற பெயர், கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கருங்கல் போன்ற குமரி மாவட்ட ஊர்களில்கூட அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரண்டுமே இந்தியாவும் இலங்கையும் கடலில் போட்ட ஒரே எல்லைக்கோட்டின் கதைகள்தான்.

பேங்க் என்றதும் பணம் போடும் வங்கி என்று நினைக்க வேண்டாம். குமரி முனைக்குத் தெற்கே கடலுக்கு அடியில் பரந்து கிடக்கும் மேடு அது. சுற்றிலும் ஆழ்கடல் இருக்க, இங்கே மட்டும் ஆழம் குறைவு. அதனால் மீன்வளம் அதிகம். 1920-களில், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இலங்கை அரசு 'லில்லா' என்ற இழுவைக் கப்பலை அனுப்பி இந்த மேட்டை ஆராய்ந்தது. அதன் பிறகு கொழும்பிலிருந்து இழுவைக் கப்பல்கள் பல ஆண்டுகள் இங்கே வந்து மீன் பிடித்தன. அன்றைய சட்டப்படி அதில் தவறில்லை. கரையை ஒட்டிய சில மைல்களைத் தாண்டினால் கடல் எல்லோருக்கும் பொது.

தீவு சிறியது, கடல் பெரியது

இந்த நிலை 1970-களில் மாறியது. கரையிலிருந்து 200 கடல் மைல் (சுமார் 370 கி.மீ.) வரை உள்ள மீனும் எண்ணெயும் கரை நாட்டுக்கே சொந்தம் என்ற கருத்து உலகெங்கும் வலுப்பெற்றது. இதற்குத் தனிப் பொருளாதார மண்டலம் என்று பெயர். 1982-ல் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இதை எழுத்தில் கொண்டுவந்தது. 1994-ல் அது நடைமுறைக்கு வந்தது.

இதனால் அதிக லாபம் அடைந்தவை தீவு நாடுகள். இலங்கையின் நிலப்பரப்பு 65,610 சதுர கி.மீ.தான். அதன் பொருளாதார மண்டலமோ 5 லட்சம் சதுர கி.மீ.க்கும் அதிகம். மாலத்தீவின் நிலம் மொத்தமே சுமார் 300 சதுர கி.மீ. அதற்குக் கிடைத்த கடல் 9 லட்சத்தைத் தொடுகிறது!

இந்தியாவும் இலங்கையும் மிக அருகில் இருப்பதால் ஆளுக்கு 200 மைல் எடுக்க இடமில்லை. பேசித்தான் பிரிக்க வேண்டும். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் பாக் நீரிணையில் எல்லை வகுத்தனர். கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. 1976 மார்ச் 23-ல் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கப்பட்டது. அன்றே பரிமாறப்பட்ட கடிதங்கள் வாட்ஜ் பேங்க் இந்தியாவுக்கே உரியது என்று உறுதி செய்தன.

ஒருவருக்கு அவகாசம், மற்றவருக்கு?

இலங்கைக் கப்பல்கள் இனி வாட்ஜ் பேங்கில் மீன் பிடிக்கக் கூடாது என்று முடிவானது. ஆனால் உடனே வெளியேறச் சொல்லவில்லை. இந்தியா தன் பொருளாதார மண்டலத்தை அமைக்கும் நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. 6 கப்பல்கள் வரலாம், ஆண்டுக்கு 2,000 டன் வரை பிடிக்கலாம். அந்த அவகாசம் முடிந்த பின்னும் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2,000 டன் மீனை விலை பேசி இலங்கைக்குத் தர இந்தியா ஒப்புக்கொண்டது. பழக்கப்பட்ட கடலை இழக்கும் நாட்டுக்கு இது நியாயமான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

அதே கடிதங்கள்தான், இந்திய மீனவர்கள் இலங்கைக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றும் சொல்லின. தலைமுறை தலைமுறையாகக் கச்சத்தீவைச் சுற்றி வலை வீசிய ராமேஸ்வரம் மீனவருக்கு 3 ஆண்டு இல்லை, உரிமம் இல்லை, ஈடாக மீனும் இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? கொழும்புக் கப்பல்களை எண்ணிவிடலாம், பிடிப்பதை எடை போடலாம். அவற்றுக்காகக் கேட்க ஓர் அரசு மேசையில் உட்கார்ந்திருந்தது. ராமேஸ்வரத்தின் சிறு படகுகளுக்காகக் கேட்க யாரும் இல்லை. அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. தமிழகத்தில் தி.மு.க. அரசு 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டிருந்தது. மாநில மக்கள் தேர்ந்தெடுத்த அரசே இல்லாத நேரத்தில் இந்தக் கடிதங்கள் கைமாறின என்பது குறிப்பிடத்தக்கது.

வாட்ஜ் பேங்கைப் பெறவே கச்சத்தீவைக் கொடுத்தார்கள் என்று சொல்வோர் உண்டு. ஒப்பந்தங்களில் அப்படி ஒரு வரி கிடையாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களும் தமிழர்களே. இழுவைமடி தங்கள் கடலை அழிக்கிறது என்ற அவர்களின் குறையும் உண்மையானது. 2017-ல் இலங்கை இழுவைமடி மீன்பிடியைச் சட்டம் போட்டே தடை செய்தது.

1976 கடிதங்களில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அவகாசக் காலத்தில் இந்தியா வாட்ஜ் பேங்கில் எண்ணெய் தேட முடிவு செய்தால் இலங்கைக் கப்பல்கள் மீன்பிடிப்பை நிறுத்திவிட வேண்டும். அதாவது எண்ணெய் முதலில், மீன் பிறகு. அன்று அந்த வரி இலங்கைக்காரருக்காக எழுதப்பட்டது. 2024-ல் மத்திய அரசு எண்ணெய், எரிவாயு தேட ஏலம் விட்ட கடல் பகுதிகளில் குமரிக்குத் தெற்கே இருக்கும் ஆழ்கடலும் ஒன்று. அதை எதிர்த்து நின்றவர்கள் குமரி மாவட்ட மீனவர்களே.

ஒரு கடல் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பதைச் சர்வதேசச் சட்டம் சொல்லிவிடும். அந்த நாட்டுக்குள் அதை யார் பயன்படுத்துவது என்று அது சொல்வதில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது மக்கள்தான். 1976-ல் ராமேஸ்வரத்துக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பு, இப்போது குமரிக் கரைக்காவது கிடைக்க வேண்டும்.