ஒரே கம்பெனி, ஒரே கேன்டீன்... ஏன் ஆளுக்கொரு கதை? - ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் படிங்க!

சோழிங்கநல்லூரில் ஒரு பி.ஜி. ஒரே ரூமில் ரெண்டு பேர்னு வெச்சுக்கோங்க. ஒரே காலேஜ், ஒரே நாளில் ஆஃபர் லெட்டர், கழுத்தில் ஒரே கம்பெனியோட ஐ.டி கார்டு. ஒருத்தர் சாயங்காலம் 6 மணிக்கு ரூமுக்கு வந்து, ஷட்டில் பேட்டைத் தூக்கிட்டு விளையாடக் கிளம்பிடுவார். இன்னொருத்தர் அப்போதான் குளிச்சுட்டு நைட் ஷிஃப்ட் கேபுக்காக வாசலில் நிப்பார். 'கம்பெனி எப்படி?'ன்னு கேட்டால் முதல் ஆள் 'செம'ம்பார். ரெண்டாவது ஆள் 'தப்பித்தவறிகூட வந்துடாதே'ம்பார்.

இதில் யார் பொய் சொல்றாங்க? ரெண்டு பேருமே உண்மையைத்தான் சொல்றாங்க.

தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000-ல். இன்னிக்கு அங்கிருந்து சிறுசேரி வரைக்கும் ஓ.எம்.ஆர் முழுக்க ஐ.டி கட்டடங்கள். டி.சி.எஸ் என்ற ஒரு நிறுவனத்தில் மட்டுமே சுமார் 6 லட்சம் பேர் வேலை பார்க்கிறாங்க. நாகர்கோவில் நகரத்தின் மக்கள்தொகையைவிட இது அதிகம். அவ்வளவு பெரிய ஊரில் வாழ்க்கை எப்படி இருக்கும்னு கேட்டால், எந்தத் தெருங்கிறதைப் பொறுத்துதானே பதில் வரும்? பெரிய கம்பெனியும் அப்படித்தான். அதனால எந்த விஷயத்தில் அனுபவம் மாறுது, எது எல்லாருக்கும் பொதுன்னு தெரிஞ்சுக்கிட்டு உள்ளே போறது நல்லது.

உங்க நேரத்தை முடிவு பண்றது கிளையன்ட்!

ஐ.டி சர்வீஸ் கம்பெனியில் உங்களுக்குச் சம்பளம் போடுறது கம்பெனி. ஆனா, நீங்க எத்தனை மணிக்குத் தூங்கணும்கிறதை முடிவு பண்றது பெரும்பாலும் கிளையன்ட். அமெரிக்க வங்கி ஒண்ணுக்கு சப்போர்ட் வேலைன்னா, அவங்களுக்குப் பகல்னா நமக்கு ராத்திரி. புதுசா ஏதாவது உருவாக்குற டீம்னா வேலை கத்துக்கலாம். ஆனா டெட்லைன் வந்தால் சனி, ஞாயிறு காணாமப் போயிடும். எந்த புராஜெக்ட்டும் கிடைக்காம பெஞ்சில் உட்கார்ந்தால் முதல் மாசம் ஜாலி, மூணாவது மாசம் பயம். ஃப்ரெஷர்களுக்கு புராஜெக்ட்டைத் தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு ரொம்பக் குறைவு. பெரிய கம்பெனி பத்தின நல்ல கதை, கெட்ட கதை ரெண்டும் பெரும்பாலும் இங்கேதான் பிரியுது.

மேனேஜரும் ஒரு மணி வளைவும்

அடுத்தது அப்ரைசல். பல பெரிய நிறுவனங்களில் 'பெல் கர்வ்' என்ற முறை உண்டு. டீமில் இத்தனை சதவிகிதம் பேருக்குத்தான் டாப் ரேட்டிங், இத்தனை பேர் கடைசின்னு முன்கூட்டியே ஒரு கணக்கு இருக்கும். 10 பேர் டீமில் 10 பேரும் நல்லா உழைச்சாலும் யாரோ ஒருத்தர் கீழே போகணும். மைக்ரோசாஃப்ட் இதுமாதிரி வரிசைப்படுத்தும் முறையை 2013-ல் கைவிட்டது. ஆனா, இந்தப் பழக்கம் உலகத்தை விட்டுப் போயிடலை. உங்களுக்காகப் பேசுற மேனேஜர் அமைஞ்சால் ஹைக் வரும். அமையலைன்னா 'அடுத்த வருஷம் பார்க்கலாம்'தான். அதனால, செஞ்ச வேலையை மாசாமாசம் எழுதி வைங்க. அப்ரைசல் நேரத்தில் அதுதான் உங்க சாட்சி.

30,000 எப்படி 23,000 ஆச்சு?

முதல் சம்பளம் வந்ததும் பலர் அதிர்ச்சி ஆகுறது இங்கேதான். உதாரணமா, சி.டி.சி 3.6 லட்சம்னு வெச்சுக்கோங்க. மாசம் 30,000 வரும்னு வீட்டில் சொல்லியிருப்பீங்க. பேசிக் 15,000-ன்னா, கம்பெனி கட்டுற பி.எஃப் 1,800 ரூபாய், கிராஜுவிட்டிக்காக ஒதுக்கும் சுமார் 720 ரூபாய் ரெண்டும் அந்த 30,000-க்குள்ளேயே இருக்கும். வருஷத்துக்கு 24,000 ரூபாய் வேரியபிள் பேன்னா, மாசக் கணக்கில் இன்னொரு 2,000 குறையும். அது முழுசா வருமாங்கிறது கம்பெனியோட லாபத்தையும் உங்க ரேட்டிங்கையும் பொறுத்தது. உங்க பங்கு பி.எஃப் 1,800. தொழில் வரி, இன்ஷூரன்ஸும் போனால் கையில் 23,000 சொச்சம். எஜுகேஷன் லோன் இ.எம்.ஐ-யை சி.டி.சி-யை நம்பித் திட்டமிடாதீங்க. கையில் வர்றதை வெச்சுத் திட்டமிடுங்க.

டேக் கலரைக் கவனிச்சீங்களா?

ஒரே ஃப்ளோரில் உட்கார்ந்து ஒரே வேலை பார்த்தாலும் சிலர் கம்பெனியோட நேரடி ஊழியர், சிலர் வேறொரு ஏஜென்சியின் பே-ரோலில் இருப்பவர். சில கேம்பஸ்களில் ஐ.டி கார்டு கயிறோட நிறமே வேறயா இருக்கும். லீவு, இன்ஷூரன்ஸ், போனஸ் எல்லாமே இதனால மாறும். ஆஃபர் லெட்டரில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்குன்னு பாருங்க. கட்டட வாசலில் இருக்கிற பெயர் முக்கியமில்லை.

அப்போ பெரிய கம்பெனியே வேண்டாமா?

அப்படி இல்லை. சம்பளம் தேதி தவறாம வரும். பயிற்சி காலத்திலேயே சம்பளம் உண்டு. ஒரு டீம் ஒத்துவரலைன்னா, வேலையை விடாமலே வேறு புராஜெக்ட்டுக்கு மாற வழி இருக்கும். சட்டம் கொடுக்கும் உரிமைகளைக் கேட்டு வாங்குறதும் இங்கே கொஞ்சம் சுலபம். முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோட மகப்பேறு விடுப்பு, 50 ஊழியர்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பக வசதி, பாலியல் தொந்தரவு புகார்களை விசாரிக்க உள் புகார் குழு... இதெல்லாம் கம்பெனி போடுற பிச்சை இல்லை, சட்டப்படி உங்க உரிமை.

'நீங்களே பேப்பர் போட்டுடுங்க'ன்னு ஹெச்.ஆர் ரூமில் உட்காரவெச்சு சொன்னால், அங்கேயே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. யோசிக்க டைம் கேளுங்க. சொன்னதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்க. ஐ.டி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம்னு தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கு.

வெளியே வர்ற வழியையும் பாருங்க

பல பெரிய ஐ.டி நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். புதுசா எடுக்குற கம்பெனியோ 'உடனே சேர முடியுமா?'ன்னு கேட்கும். இதில் மாட்டி நல்ல ஆஃபரை விட்டவங்க நிறைய.

பாண்டையும் அலட்சியமா நினைக்காதீங்க. 3 வருஷத்துக்கு முன்னாடி வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்டணும்கிற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும்னு, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிச்சிருக்கு.

அதேமாதிரி நிரந்தர ஊழியருக்குப் பொதுவா 5 வருஷம் முடிஞ்சால்தான் கிராஜுவிட்டி. கடைசி பேசிக் 30,000-ன்னா, 5 வருஷத்துக்கு சுமார் 86,500 ரூபாய் வரும். நாலு வருஷம் முடிஞ்ச கையோட கோபத்தில் பேப்பர் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்க.

சீனியரிடம் கேட்க 5 கேள்விகள்

1. எந்த புராஜெக்ட்டில் இருக்கீங்க, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு?
2. போன மாசம் எத்தனை சனிக்கிழமை வேலை பார்த்தீங்க?
3. போன வருஷம் வேரியபிள் பே முழுசா வந்துச்சா?
4. லீவு கேட்டால் மேனேஜர் முதலில் என்ன சொல்வார்?
5. உங்க டீமில் இருந்து கடைசியா வேலையை விட்டவர் ஏன் விட்டார்?

'கம்பெனி எப்படி அண்ணா?'ன்னு மொட்டையா கேட்டால் 'ஓகேப்பா'ன்னுதான் பதில் வரும். இந்த அஞ்சையும் ஒரே கம்பெனியில் வேற வேற டீமில் இருக்கும் மூணு பேரிடம் கேளுங்க. மூணு பதிலும் மூணு மாதிரி இருந்தால் குழம்பாதீங்க. அந்த மூணில் எது உங்களுக்கு வாய்ச்சாலும் சமாளிக்க முடியுமான்னு மட்டும் யோசிங்க. 'முடியும்'னு தோணினா, தைரியமா கையெழுத்துப் போடுங்க!