ஊசி போட்டதும் கால் போச்சு

எங்க செங்கம் பக்கம் வயசானவங்ககிட்ட இளம்பிள்ளை வாதம்னு பேச்செடுத்தா அநேகமா ஒரே கதைதான் வரும். "புள்ளைக்கு ஜுரம் அடிச்சுது, ஊசி போட்டாங்க, மறுநாள் கால் விழுந்துடுச்சு." எங்க ஆயாவும் இதையேதான் சொல்வாங்க. காலை முடக்கறது வைரஸ், ஊசி என்ன பண்ணும்னு படிச்சவங்க சிரிப்பாங்க.

சிரிக்க வேண்டாம் மக்களே. ஆயா சொன்னதுல பாதி மருத்துவமே ஒத்துக்கிட்ட விஷயம்.

1949ல ஆஸ்திரேலியாவுல, மெல்போர்ன்ல போலியோ பரவினப்போ, கக்குவான் தடுப்பூசி போட்ட சில குழந்தைகளுக்கு எந்தக் கையில ஊசி போட்டாங்களோ அதே கை விழுந்துச்சு. 1950ல இங்கிலாந்துலயும் இதையே கணக்கெடுத்துச் சொன்னாங்க. எப்படி நடக்குதுன்னு 1990கள்லதான் எலிகளை வெச்சுத் தெளிவாக் காட்டினாங்க: ஊசி குத்தித் தசை புண்ணாகும்போது, ரத்தத்துல ஏற்கனவே சுத்திட்டு இருக்கற வைரஸ் அந்த நரம்பைப் பிடிச்சுத் தண்டுவடத்துக்கு ஏறிடுது.

வழக்கமா போலியோ வைரஸ் தொத்தின 200 பேர்ல ஒருத்தருக்குத்தான் கை கால் விழும். மத்தவங்களுக்கு வந்துபோனதே தெரியாது, இல்லைன்னா வெறும் ஜுரம். கஷ்டமே அந்த ஜுரத்துலதான். வைரஸ் உடம்புக்குள்ள இருக்கற அதே நாள்லதான் புள்ளையை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுவோம். ஜவ்வாது மலையில இருந்து இடுப்புல புள்ளையோட நடந்து இறங்கி வந்தவங்க, ஊசி போடாத வைத்தியத்தை வைத்தியம்னு ஒத்துக்குவாங்களா? டாக்டருக்கும் அது தெரியும், குத்தி அனுப்பிடுவார். ஜுரம் என்னவோ தானா இறங்கற ஜுரம்தான் (இன்னிக்கும் 'ஒரு ஊசி போட்டுடுங்க சார்' மாறலைங்க). பாண்டிச்சேரி ஜிப்மர்ல கை கால் விழுந்து சேர்ந்த குழந்தைகளை வெச்சு 1992ல வந்த ஆய்வோட தலைப்பே, தேவையில்லாத ஊசிகளும் போலியோவும் பத்தினதுதான்.

இதுக்கான வசவை வாங்கினது யாருன்னு நினைக்கறீங்க? ஐஸ் பெட்டியைத் தூக்கிட்டு வந்த கிராம நர்ஸம்மா. 'ஊசியா? கால் போயிடும்'னு கதவைச் சாத்தினா, முத்தடுப்பு ஊசியும் போச்சு, தட்டம்மை ஊசியும் போச்சு. போலியோ பயத்துல கக்குவானுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் புள்ளையை விட்டுக்கொடுத்த மாதிரி.

சரி, சொட்டு மருந்துல ஊசியே இல்லையே? அதுலயும் ஒரு சிக்கல். மேல்நாட்டுல மூணு தடவை கொடுத்தாப் போதும். நம்ம குழந்தைகளுக்கு அது பத்தலைன்னு 1972லயே எழுதினவர் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். செங்கம் அப்போ வட ஆற்காடு மாவட்டம், அதாவது வேலூர்தான் எங்களுக்குத் தலைநகரம். திரும்பத் திரும்பக் கொடுக்கணும்கற அந்த யோசனை நாடு முழுக்கப் போக 1995 டிசம்பர் வரைக்கும் ஆச்சு. இந்தியாவுல கடைசிப் போலியோ 2011 ஜனவரியில, ஹௌராவுல ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச்ல சான்றிதழ் வந்துச்சு.

இப்போ சொட்டு மருந்தோட போலியோவுக்கு ஊசியும் உண்டு. ஆறு வாரத்துல ஒண்ணு, பதினாலு வாரத்துல ஒண்ணு, ஒன்பது மாசத்துல ஒண்ணு. 0.1 மில்லிதான். தசைக்குப் போகாம, தோலுக்குள்ளயே நிக்கற மாதிரி நர்ஸம்மா சாய்ச்சுக் குத்தறாங்க.