உயிரணு நீர் பருகும் வரலாறு

உயிரணு தன்னைச் சூழ்ந்த நீர்மத்தைப் பெரிய துளிகளாக உள்ளே எடுத்துக்கொள்வது மேக்ரோபினோசைட்டோசிஸ் எனப்படும். தமிழில் பெருந்துளிப் பருகல் எனலாம். ஆக்டின் இழைகள் உள்ளிருந்து தள்ள, மென்சவ்வு மடிப்பாக எழும்பிக் கிண்ணம்போல் வளைகிறது. அதன் வாய் மூடும்போது நீர்மம் குமிழாக உள்ளே சிக்கிக்கொள்கிறது. குமிழின் விட்டம் 0.2 மைக்ரானிலிருந்து சில மைக்ரான் வரை இருக்கும்.

முதல் பதிவு

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வாரன் லூயிஸ், எலியின் விழுங்கணுக்களைத் திரைப்படமாகப் பதிவு செய்தார். மெல்ல நிகழும் அசைவுகளைப் படச்சுருளில் வேகமாக ஓட்டியபோது, அவை நீர்மத்தைப் பருகுவது தெளிவாயிற்று. 1931இல் இதற்குப் பினோசைட்டோசிஸ் என்று பெயரிட்டார். 'பருகு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே இதன் வேர்.

முடுக்கியும் தடையும்

பருகலைத் தூண்டுவது எது? 1986இல் பார்-சாகி, ஃபெராமிஸ்கோ ஆகியோர், ஓய்வு நிலையில் இருந்த உயிரணுக்களுக்குள் ராஸ் என்னும் புரதத்தைச் செலுத்தினர். சவ்வு மடிப்புகள் எழுந்தன, பருகலும் பெருகியது.

தடை எது என்பதை ஒரு மண் அமீபா காட்டியது. டிக்டியோஸ்டீலியம் என்னும் இவ்வகை அமீபாக்கள் பாக்டீரியாவைத் தின்று வாழ்பவை. தமிழ்நாட்டின் முதுமலைக் காட்டிலிருந்தும் பெங்களூரு ஆய்வாளர்கள் இவற்றைச் சேகரித்துள்ளனர். ஆய்வகத்தில் சில வகைகள் பாக்டீரியா இன்றி ஊட்டக் கரைசலைப் பருகியே வளர்கின்றன. ராஸை அடக்கும் என்எஃப்1 மரபணு அவற்றில் பழுதானதே காரணம் என்று 2015இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டனர். மனிதரில் இதே மரபணு பழுதானால் நரம்புக் கட்டிகள் தோன்றுகின்றன.

பெங்களூரில் சத்யஜித் மேயர் குழுவினர், சிறு குமிழ்களால் நீர்மம் எடுக்கும் வேறொரு வழியை ஆராய்ந்தனர். சவ்வின் இழுவிசை தளர்ந்தால் அவ்வழி வேகமெடுக்கிறது, இறுகினால் குறைகிறது என்று 2018இல் காட்டினர்.

புற்றுநோயில்

ராஸ் பழுதான புற்றணுக்கள் சுற்றியுள்ள நீர்மத்தோடு புரதத்தையும் பருகி, அதைச் செரித்து உணவாக்குகின்றன என்பது 2013இல் வெளிப்பட்டது. பருகலைத் தடுக்கும் வேதிப்பொருள் எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது. ஆனால் நோய் எதிர்ப்பு அணுக்களும் அயற்பொருள்களை அறிய இவ்வாறே பருகுகின்றன. எனவே பருகலை முற்றும் நிறுத்துவது தீர்வாகாது. புற்றணுவில் மட்டும் அதை அடக்குவதே மருத்துவத்தின் முன்னுள்ள கேள்வி.