மென்பொருட் கொள்கலத்தின் வரலாறு



நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய பள்ளியில், மாணவரின் மதிப்பெண்களைக் கூட்டிப் பட்டியலிடும் மென்பொருள் ஒன்று இருந்தது. கணித ஆசிரியர் ஒருவர் தாமே முயன்று எழுதியது அது. அலுவலகக் கணினியில் பல ஆண்டுகள் பிழையின்றி ஓடிற்று. அவர் மாற்றலாகிச் சென்றபின் அக்கணினி பழுதுற்றது. புதிய கணினி வந்தது. மென்பொருளை அதில் ஏற்றினோம். ஆனால் அது ஓட மறுத்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்த சமயம் அது. ஆசிரியர்கள் அனைவரும் மூன்று இரவுகள் கண்விழித்துக் கையாலேயே கூட்டி முடித்தோம்.

காரணம் யாது? மென்பொருளில் குற்றமில்லை. அது சார்ந்திருந்த துணை நிரல்கள் புதிய கணினியில் இல்லை. எவை வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும் என்பது எழுதியவரின் மனத்தில் மட்டுமே இருந்தது. இக்குறைக்கு உலகம் கண்ட தீர்வைப் பின்னாளில் என் பழைய மாணவர் ஒருவர் எனக்கு விளக்கினார். அதன் வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

இதனையொத்த தொல்லை கப்பல் வாணிபத்திலும் இருந்தது. மூட்டை, பீப்பாய், பெட்டி என்று உருவம் வேறுபட்ட சரக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவதில் நாட்கள் கழிந்தன. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்பவரின் ஏற்பாட்டில், 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 சரக்குப் பெட்டிகளுடன் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உள்ளே இருப்பது எதுவாயினும் பெட்டியின் அளவு ஒன்றே என்பதுதான் அதன் தத்துவம்.

மென்பொருள் உலகம் அத்தத்துவத்தைப் படிப்படியாகவே எட்டியது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஒரு நிரலுக்குக் கோப்புகளின் ஒரு பகுதியை மட்டுமே காட்டி, அதுவே முழுவுலகம் என்று எண்ணச் செய்யும் வசதி அமைந்தது. 2000-ஆம் ஆண்டில் ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளம் 'ஜெயில்' என்ற பெயரில் அத்தடுப்பை மேலும் வலுப்படுத்தியது. கூகுள் நிறுவனத்துப் பொறியாளர்கள் 2006-இல் தொடங்கிய ஒரு பணி, 2008-இல் லினக்ஸின் கருவோடு சேர்ந்தது. ஒரு நிரற்குழு எவ்வளவு நினைவகம் கொள்ளலாம் என்று அதனால் வரம்பு கட்ட முடிந்தது.

கருவிகள் இருந்தன, எனினும் அவற்றைக் கையாள வல்லவர் சிலரே. 2013 மார்ச்சில், கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஐந்து நிமிட உரையொன்றில் 'டாக்கர்' என்னும் கருவியைக் காட்டினார். துறைமுகத் தொழிலாளி என்பது அச்சொல்லின் பொருள். 2015-இல் போட்டி நிறுவனங்களும் ஒன்றுகூடி, கொள்கலத்திற்குப் பொதுவான தர அளவை வகுக்க முற்பட்டன.

டாக்கர் செய்த பேருதவி யாதெனில், செய்முறையை எழுத்தில் கொணர்ந்ததேயாகும். எந்த அடித்தளத்தின்மீது கட்டுவது, எத்துணை நிரல்களை நிறுவுவது, எக்கோப்புகளைச் சேர்ப்பது, எதை இயக்கித் தொடங்குவது என்று ஒரு சிறு கோப்பில் வரிசையாக எழுதுகிறோம். கணினி அதனைப் படித்து, அடுக்கின்மேல் அடுக்காக ஒரு படிமத்தைக் கட்டுகிறது. 'இமேஜ்' என்று வழங்குவது இதுவே. படிமத்தை இயக்கினால் கொள்கலம் உண்டாகிறது.

இரண்டிற்கும் வேற்றுமை என்ன? படிமம் வினாத்தாள் போன்றது, அச்சிட்டபின் மாறாது. கொள்கலம் விடைத்தாள் போன்றது. ஒரே வினாத்தாளைக் கொண்டு பலர் எழுதலாம். ஒருவர் விடைத்தாள் கிழிந்தால் அதில் எழுதியவை போகும், வினாத்தாளுக்கு ஊறில்லை. ஆகவே, காக்கவேண்டிய தரவுகளைக் கொள்கலத்திற்கு வெளியே வைத்தல் வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. செய்முறையில் 'பைத்தான் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் போதாது. இன்று கிடைக்கும் பதிப்பும் அடுத்த ஆண்டு கிடைக்கும் பதிப்பும் வேறாகலாம். 'பைத்தான் 3.11' என்று பதிப்பெண்ணையும் எழுத வேண்டும். சமையற் குறிப்பில் 'அரிசி' என்று மட்டும் எழுதியவர், பச்சரிசியா புழுங்கலரிசியா என்ற ஐயத்தைப் படிப்பவர் தலையில் சுமத்துகிறார் அல்லவா?

எங்கள் கணித ஆசிரியர்மீது எனக்கு வருத்தமில்லை. மென்பொருள் நன்றாக ஓடிய ஆண்டுகளில், அதன் செய்முறையை எழுதித் தருமாறு நான் ஒருமுறையேனும் அவரைக் கேட்கவில்லை. பிழை என்னுடையதே. நீங்கள் எதனை ஆக்கினாலும், முன்பின் அறியாத ஒருவர் அதைப் படித்து மீண்டும் ஆக்குமாறு எழுதி வையுங்கள். எழுதியது சரிதானா என்பதை, வேறொரு கணினியில் உங்கள் நண்பரைக்கொண்டு செய்வித்துப் பாருங்கள்.