டிவிடி முதல் டவுன்லோடு வரை: கம்ப்யூட்டர் கேம் யாருக்குச் சொந்தம்?

கடையில் காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கினால் அது வாங்கியவருக்குச் சொந்தம். பிடிக்கவில்லையா, நண்பனுக்குக் கொடுக்கலாம். பாதி விலைக்கு விற்கலாம். வணிகவியல் மாணவர்கள் படிக்கும் 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: விலைக்கு ஈடாகச் சரக்கின் உரிமை கைமாறுவதுதான் விற்பனை. ஆனால் இன்டர்நெட்டில் டவுன்லோடு செய்து வாங்கும் கேம்களுக்கு இது பொருந்துமா? அதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

போன் லைனில் வந்த கேம்

டவுன்லோடு என்பது ஏதோ நேற்று வந்த விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். 1983-லேயே அமெரிக்காவில் 'கேம்லைன்' என்ற சேவை இருந்தது. அடாரி 2600 வைத்திருந்தவர்கள் டெலிபோன் லைன் வழியாக கேமை இறக்கி விளையாடினார்கள். சில முறை விளையாடியதும் அது போய்விடும். மறுபடி காசு கட்ட வேண்டும். அதாவது பிறந்தபோதே இது வாடகை வியாபாரம்தான்! கேம்லைன் நிலைக்கவில்லை. ஆனால் அதை நடத்தியவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய கம்பெனிதான் பிறகு 'அமெரிக்கா ஆன்லைன்' ஆனது.

2004 நவம்பர்: ஒரே மாதம், இரண்டு திருப்பங்கள்

2004 நவம்பர் 5 அன்று டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் - ஆந்திர அரசு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. சிடியில் பதிந்து கடையில் விற்கும் சாஃப்ட்வேர் ஒரு 'சரக்கு'. அதற்கு விற்பனை வரி உண்டு என்பதே தீர்ப்பு.

சரியாக 11 நாள் கழித்து, நவம்பர் 16 அன்று, 'ஹாஃப் லைஃப் 2' வெளிவந்தது. பெட்டியில் டிஸ்க் இருந்தாலும், வால்வ் கம்பெனி 2003-ல் தொடங்கிய 'ஸ்டீம்' சேவையில் அக்கவுண்ட் திறந்து பதிவு செய்தால்தான் ஓடும். டிஸ்க் கையில், சாவி கம்பெனியிடம்! சிடி சாஃப்ட்வேர் சரக்கு என்று நீதிமன்றம் சொன்ன அதே மாதத்தில், கேம் உலகம் சரக்கிலிருந்து நழுவத் தொடங்கிவிட்டது.

சின்ன ஊர்களின் நிலை

இந்தியாவில் அப்போது பிராட்பேண்ட் என்றாலே 256 கேபிபிஎஸ் வேகம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4.7 ஜிபி டிவிடி அளவுள்ள கேம் இறங்க கிட்டத்தட்ட 40 மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால்...? போதாக்குறைக்கு டேட்டா லிமிட் வேறு. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் ஒரிஜினல் கேம் வேண்டுமென்றால் திருவண்ணாமலைக்குப் போய்த் தேடலாம், இல்லையேல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறலாம். திருட்டு சிடி பெருகியதற்கு விலை மட்டும் காரணமில்லை, தூரமும் ஒரு காரணம்.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. கிராமத்து வீடுகளுக்கும் கம்ப்யூட்டர் வந்தது. 2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாயில் விலை போட ஆரம்பித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்தது. தூரம் என்ற தடை உடைந்துவிட்டது.

சாதகங்கள்

வீட்டிலிருந்தே வாங்கலாம். டிஸ்க் கீறல் விழும் பயம் இல்லை. கம்ப்யூட்டர் மாறினாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். தள்ளுபடி நாட்களில் விலை பாதிக்கும் கீழே இறங்கும். 2015 ஜூன் முதல் ஸ்டீமில், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கடையில் பிரித்த டிவிடியை யார் திரும்ப வாங்குவார்கள்?

இன்னொரு பெரிய லாபம், சின்ன படைப்பாளிகளுக்கும் உலகச் சந்தை கிடைத்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் 'வெண்பா' கேம் 2023-ல் வந்தது. 2024-ல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் வாங்கியது. இட்லி ஊற்றும் கேமுக்குப் பழைய டிவிடி கடையில் அலமாரி இடம் கிடைத்திருக்குமா?

பாதகங்கள்

ஸ்டீம் ஒப்பந்தத்திலேயே தெளிவாக இருக்கிறது: கேம்கள் விற்கப்படுவதில்லை, உரிமம்தான் தரப்படுகிறது. எனவே பழைய கேமை விற்க முடியாது. அக்கவுண்டை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. அக்கவுண்ட் முடங்கினால் மொத்தமும் முடங்கும்.

கடை மூடினால்? ஃபிளிப்கார்ட் 2012-ல் 'ஃப்ளைட்' என்ற பாட்டு டவுன்லோடு கடையைத் திறந்து 2013 ஜூனில் மூடியது. ஆனால் அதில் விற்ற எம்பி3-களுக்குப் பூட்டு கிடையாது. இறக்கி வைத்தவர்களுக்கு நஷ்டமில்லை.

யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' கதை வேறு. 2014-ல் வந்த இந்த கேம் சர்வர் இல்லாமல் ஓடாது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். டவுன்லோடு செய்தவர்கள் மட்டுமல்ல, டிஸ்க் வாங்கியவர்களும் விளையாட முடியாமல் போனது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு உண்மை புரியும். பிரச்சினை டவுன்லோடில் இல்லை, பூட்டில் இருக்கிறது. பூட்டில்லாத டவுன்லோடு டிஸ்க்கைவிடப் பாதுகாப்பானது. பூட்டுள்ள டிஸ்க் வெறும் பிளாஸ்டிக்.

கலிஃபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1 முதல், வெறும் உரிமத்தை விற்பவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற வார்த்தையைப் பயன்படுத்தக் கூடாது. நிரந்தரமாக இறக்கி, இன்டர்நெட் இல்லாமலும் பயன்படுத்தக் கூடியவற்றுக்கு விலக்கு உண்டு.

என்ன செய்யலாம்?

வாங்கும் முன் இரண்டு கேள்விகள் போதும். இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா? கம்பெனி நாளை மூடினாலும் ஓடுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அது சொத்து, முழு விலை கொடுக்கலாம். 2008-ல் தொடங்கிய 'ஜிஓஜி' தளம் இப்படிப் பூட்டில்லாத கேம்களையே விற்கிறது. 'இல்லை' என்றால் அது வாடகை. வாடகை தவறில்லை. ஆனால் வாடகை வீட்டுக்குச் சொந்த வீட்டு விலையை யாராவது கொடுப்பார்களா? தள்ளுபடி வரும்வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம்.