வெற்றுத் தாளின் ரகசியம்

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஒரு குடிசை வாசல். தபால்காரர் நீட்டிய கடிதத்தை அந்தப் பெண் புரட்டிப் பார்த்தாள். காசில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். வழியே போன கவிஞர் கோல்ரிட்ஜ் மனமிரங்கி, அவள் வேண்டாமென்று தடுத்தும் கேளாமல், ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கித் தந்தார். தபால்காரர் போனதும் அவள் மடிப்பைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை!

அனுப்பியவர் அவளுடைய சகோதரர். நலமாக இருந்தால் வெற்றுத் தாள் வரும். விலாசத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு. அன்று கடிதத்துக்குக் காசு கொடுத்தவர் பெரும்பாலும் பெறுபவர்தான். தூரத்துக்கு ஒரு கணக்கு, தாளுக்கு ஒரு கணக்கு. நெப்போலியனோடு நடந்த போருக்குப் பணம் திரட்டுவதற்காகக் கட்டணம் 1812 வரை ஏறிக்கொண்டே போனது. 1815இல் வாட்டர்லூ சண்டையோடு போர் முடிந்தது. கட்டணம் மட்டும் இறங்கவில்லை. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாள் போக ஒரு ஷில்லிங்குக்கு மேல். சட்டம் போட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கோ இலவசம்! ஜனங்களை அதிகம் உறுத்தியது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கட்டணத்திலிருந்து தப்ப, சரக்கு மூட்டைகளுக்குள் கடிதங்கள் ஒளிந்து பயணம் செய்தன. மான்செஸ்டரிலிருந்து லண்டனுக்குப் போகும் கடிதங்களில் ஆறில் ஐந்து பங்கு தபால் நிலையத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை என்று வணிகர் ரிச்சர்ட் காப்டன் நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னார். இத்தனை பேரையும் எந்தச் சிறையில் அடைப்பது?

தபால் துறையில் ஒரு நாளும் வேலை பார்த்திராத ரோலண்ட் ஹில் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியர் வேறொரு கேள்வி கேட்டார். ஒரு கடிதத்தைக் கொண்டுபோக உண்மையில் என்ன செலவாகிறது? எடின்பரோ வரைக்கும் ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் என்று 1837இல் கணக்குப் போட்டார். நாடெங்கும் ஒரே கட்டணம், ஒரு பென்னி, அதுவும் முன்பணமாக என்றார். பைத்தியக்காரத் திட்டம் என்று தபால் துறைத் தலைவர் லிச்ஃபீல்டு பிரபு சீறினார். ஆனால் வணிகர்கள் மனுக்களைக் குவித்தார்கள். 1840 ஜனவரி 10இல் பென்னித் தபால் வந்தேவிட்டது. முன்பணம் கட்டியதற்கு அடையாளம்?

ஹில் பெரிதும் நம்பியது மல்ரெடி என்ற ஓவியர் வரைந்த அலங்கார உறையை. ஊரே அதைக் கேலி செய்து விரட்டியது. வெறுமனே துணைக்கென்று ஹில் சேர்த்திருந்த ஒரு யோசனை பிழைத்துக்கொண்டது: பின்பக்கம் பசை தடவிய சின்னஞ்சிறு தாள், முன்பக்கம் இளம் அரசி விக்டோரியாவின் முகம். 1840 மே 6 முதல் செல்லுபடியான அந்தக் கறுப்புத் துண்டுதான் உலகின் முதல் தபால்தலை.

1839இல் சுமார் 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் அடுத்த ஆண்டே 16.9 கோடியாயின. ஒளித்து அனுப்பியவர்கள் பென்னியோடு வரிசையில் நின்றார்கள். தபாலின் நிகர வருவாய் பழைய நிலைக்குத் திரும்ப இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆனாலும் பழைய கட்டணத்தை மீண்டும் கொண்டுவர எந்த அரசும் துணியவில்லை.