சினெக்கியா: ஒட்டா, பிடிப்பா?

கண் மருத்துவமும் மூக்கு மருத்துவமும் பொதுவாக வைத்திருக்கும் 'சினெக்கியா' கிரேக்கச் சொல். 'சின்' என்றால் கூட. 'எக்கெயின்' என்றால் பிடித்திருத்தல். சேர்ந்தால் விடாத தொடர்ச்சி. இதை வெறும் 'ஒட்டு' என்று தமிழாக்குவது போதாது. ஒட்டு மாங்கன்றும் தீக்காயத்துக்கு வைக்கும் தோல் ஒட்டும் நாம் வேண்டிச் செய்பவை. இதுவோ வேண்டாமல் விளைவது. கண்ணின் நிறத்திரையான ஐரிஸ் அழற்சியுறும்போது கசியும் புரதப் பசை, அதன் நடுத்துளையான பாவையின் விளிம்பைப் பின்னாலுள்ள லென்ஸோடு சேர்த்துவிடுகிறது. பாவையை விரிக்கும் அட்ரோபின் சொட்டு விட்டுப் பார்த்தால் விடுபட்ட விளிம்பு விலகும், பிடிபட்ட இடம் அசையாது. வட்டமான பாவை பூவிதழ்போல் கோணிக்கொள்ளும். விளிம்பு முழுவதும் பிடித்துவிட்டால் உள்ளே ஊறும் நீர் முன்னே வர வழியின்றிக் கண்ணழுத்தம் ஏறும், பார்வைக்கே ஆபத்து. மூக்கிலும் இதே கதைதான்: அறுவைக்குப்பின் நடுச்சுவரும் எதிரே சங்குபோல் சுருண்ட எலும்பின் சவ்வும் புண்பட்டிருந்தால், ஆறும்போது இடையில் தழும்புப் பாலம் விழுகிறது. ஆகவே 'பிடிப்பு' என்பதே கருவுக்கு நெருக்கம்.

'தசைப்பிடிப்போடு குழம்பாதா?' என்பது நியாயமான கேள்வி. அதற்காகவே 'ஒட்டுப்பிடிப்பு' என்கிறேன்; முன்பாதி சேர்ந்த விதத்தையும் பின்பாதி விடாமையையும் சொல்லும். மூலச்சொல்லில் நோய் என்ற பொருளே இல்லையே என்றால், உண்மைதான்; மருத்துவம்தான் அதைக் குறுக்கியது. நோயாளிக்குப் புரிய வேண்டியது அந்தக் குறுகிய பொருள்.